இடைப் பருவத்துக்கு எந்தப் பள்ளி?



தொடக்கப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்து முடித்ததும் நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறார்கள். இது இந்நாட்டு வழக்கம். சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல இதுவும் மாறாத ஒரு நியதி என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஏன் ஆறாண்டு? எட்டாண்டாக இருந்தால் என்ன? உடலும் உள்ளமும் ஒருசேர மாறிக்கொண்டிருக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், பிள்ளையைப் பழகிய பள்ளியிலிருந்து எடுத்துப் புதிய பள்ளியில் விடுவது சரிதானா? இந்த எல்லைக் கோட்டை வரைந்தவர் யார்? எதற்காக வரைந்தார்?

இக்கேள்விகளுக்கு விடை காண அமெரிக்கப் பள்ளிகளின் வரலாறு நமக்குப் பெரிதும் உதவும். காரணம் இதுதான். தலைநகரிலிருந்து நாடு முழுமைக்கும் ஒரே பள்ளி அமைப்பை விதிக்கும் முறை அங்கு இல்லை. மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு, ஊருக்கு ஊர் பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு வாரியம் அம்மாவட்டத்தை நடத்துகிறது. எந்த வகுப்பு எந்தக் கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அந்த வாரியமே முடிவு செய்கிறது. ஆகவே அந்த எல்லைக் கோடு அங்கு ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று முறை இடம் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் நன்மை அடைந்தவர்களும் உண்டு. நழுவி விழுந்த பிள்ளைகளும் உண்டு. அந்த வரலாற்றை இன்று சுருக்கமாகக் காண்போம்.

எட்டும் நான்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கக் கிராமப் பள்ளி என்பது பெரும்பாலும் ஒரே ஓர் அறைதான். ஆறு வயதுச் சிறுமியும் பதினைந்து வயது இளைஞனும் அதே அறையில், அதே ஆசிரியரிடம் பயின்றார்கள். முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவெல்லாம் அங்குத் திட்டமாக இல்லை. நம் தோட்டங்களிலும் தொடக்க காலத்துப் பள்ளிகள் பல இப்படித்தான் இயங்கின என்பதை மூத்த நேயர்கள் அறிவார்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளராக இருந்த ஹோரஸ் மேன் என்பவர் 1843-இல் ஐரோப்பாவுக்குச் சென்று பிரஷ்ய நாட்டுப் பள்ளிகளைப் பார்வையிட்டார். அங்கே பிள்ளைகள் வயதுக்கும் தேர்ச்சிக்கும் ஏற்பத் தனித்தனி வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததை அவர் பெரிதும் பாராட்டித் தமது அறிக்கையில் எழுதினார். 1840-களின் இறுதியில் போஸ்டன் நகரில் எழுந்த குவின்சி பள்ளி, ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனி அறை, ஒவ்வொரு மாணவருக்கும் தனி மேசை என்ற அமைப்போடு கட்டப்பட்டது. மற்ற நகரங்களும் அதைப் பின்பற்றின.

அந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஓர் அமைப்பு பரவலாக நிலைபெற்றது. தொடக்கப்பள்ளி எட்டாண்டு, அதற்குமேல் உயர்நிலைப்பள்ளி நான்காண்டு. எட்டு என்ற எண்ணுக்கு ஆழ்ந்த காரணம் எதுவும் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. தென்மாநிலங்கள் பலவற்றில் தொடக்கப்பள்ளி ஏழாண்டாக இருந்தது. வடகிழக்கில் சில ஊர்களில் ஒன்பதாண்டாக இருந்தது.

எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொள்வதே அன்று சாதாரணக் குடும்பங்களின் வழக்கம். உயர்நிலைப்பள்ளி மிகச் சிலருக்கே உரியது. 1890-இல், பதினான்கு முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளில் உயர்நிலைப்பள்ளிக்குச் சென்றவர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு.

பாதியில் நின்ற பிள்ளைகள்

இந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்ற குரல் முதலில் ஏழைப் பிள்ளைகளுக்காக எழவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், 1888-இல் பள்ளிக் கண்காணிப்பாளர்களின் கூட்டத்தில் பேசும்போது, கல்லூரிக்கு வரும் மாணவர்களின் வயது கூடிக்கொண்டே போகிறது என்று கவலை தெரிவித்தார். தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டுகளில் படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதால் காலம் வீணாகிறது என்பது அவர் வாதம். 1892-இல் அவர் தலைமையில் பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது தந்த அறிக்கையில், இயற்கணிதமும் அயல்மொழியும் போன்ற பாடங்களை முன்கூட்டியே தொடங்க வேண்டும், அல்லது தொடக்கப்பள்ளியை எட்டாண்டிலிருந்து ஆறாண்டாகக் குறைக்க வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றது.

ஆக, ஆறாம் வகுப்போடு கோடு போடலாம் என்ற எண்ணம், கல்லூரிக்குப் போகும் ஒரு சிறு கூட்டத்தின் வசதியை முன்னிட்டே முதலில் பிறந்தது. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் வேறொரு செய்தி நாட்டை உலுக்கியது.

1909-இல் லியோனர்ட் ஏர்ஸ் என்ற ஆய்வாளர், பள்ளிகளில் பின்தங்கிப்போன பிள்ளைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நகரம் நகரமாகப் பள்ளிப் பதிவேடுகளைத் திரட்டி அவர் கணக்கிட்டார். அமெரிக்க நகரங்கள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் ஐந்தாம் வகுப்பு வரை கொண்டுசெல்கின்றன. எட்டாம் வகுப்பு வரை கொண்டுசெல்வது பாதிப் பேரைத்தான். உயர்நிலைப்பள்ளியை முடிப்பவர்கள் பத்தில் ஒருவர் மட்டுமே. இதுவே அவர் கண்ட உண்மை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை தன் வயதுக்குரிய வகுப்பில் இல்லாமல் கீழ் வகுப்பிலேயே தங்கியிருந்தது. தேர்ச்சி பெறாத பிள்ளை அதே வகுப்பில் மறுபடியும் உட்கார்ந்தது. பதின்மூன்று வயதுப் பையன் பத்து வயதுச் சிறுவர்களோடு சிறிய பெஞ்சில் உட்கார்ந்தால் அவனுக்கு என்ன தோன்றும்? வெட்கம் தோன்றும். பிறகு ஒருநாள் அவன் வராமலே போய்விடுவான். பள்ளிப் பாடத்திட்டம் மிகக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேகத்தில் அமைந்திருப்பதே குறை என்று ஏர்ஸ் எடுத்துக்காட்டினார்.

பள்ளியை விட்ட பிள்ளைகள் எங்கே போனார்கள்? பஞ்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வயல்களுக்கும் போனார்கள். 1900-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பத்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 லட்சத்து 50 ஆயிரம் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். குழந்தைத் தொழிலைத் தடுக்க 1916-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அது செல்லாது என்று 1918-இல் உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது. 1938-இல்தான் நாடு தழுவிய சட்டம் நிலைபெற்றது. வீட்டு வருமானம் போதாதபோது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கைகளும் வேலைக்குத் தேவைப்படுகின்றன. பால்மரக் காட்டில் பெற்றோரோடு மங்கு துடைத்த பிள்ளைகளை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூனியர் ஹைஸ்கூல் பிறந்தது

இந்தச் சூழலில்தான் பள்ளி மாவட்டங்கள் புதிய வழி ஒன்றைத் தேடின. 1909-இல் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரம், ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளைத் தனியே சேர்த்து 'ஜூனியர் ஹைஸ்கூல்' என்ற பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. 1910-இன் தொடக்கத்தில் கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி நகரமும் அதே மூன்று வகுப்புகளைக் கொண்ட பள்ளிகளைத் திறந்தது. பெர்க்லியின் கண்காணிப்பாளர் பிராங்க் பங்கர் என்பவர் அதற்குக் கல்விக் காரணங்கள் பலவற்றைச் சொன்னார். அதே வேளையில், அந்நகரின் உயர்நிலைப்பள்ளி நிரம்பி வழிந்துகொண்டிருந்ததும் ஒரு காரணமே.

ஆறாண்டு தொடக்கப்பள்ளி, மூன்றாண்டு ஜூனியர் பள்ளி, மூன்றாண்டு உயர்நிலைப்பள்ளி என்று இந்த அமைப்பு விளங்கியது. இதன் நோக்கம் என்ன? எட்டாம் வகுப்பு முடிவில் இருந்த பெரிய இடைவெளியை அடைப்பதே நோக்கம். பிள்ளை ஏழாம் வகுப்பிலேயே புதிய பள்ளிக்குள் நுழைந்துவிட்டால், எட்டாம் வகுப்பு ஒரு முடிவாகத் தோன்றாது. ஒன்பதாம் வகுப்பு வரையாவது தொடரும் என்று எதிர்பார்த்தார்கள். வேலைக்குப் போக இருக்கும் பிள்ளைக்குத் தச்சு, தையல், கணக்கு வைப்பு போன்ற கைத்தொழில்களைச் சிறிது காட்டலாம். கல்லூரிக்குப் போக இருக்கும் பிள்ளைக்கு இயற்கணிதம் தொடங்கலாம் என்றும் திட்டமிட்டார்கள். உளவியல் அறிஞர் ஸ்டான்லி ஹால் 1904-இல் எழுதிய நூலும் இதற்குத் துணை நின்றது. வளரிளம் பருவம் என்பது குழந்தைப் பருவத்திலிருந்து வேறுபட்ட ஒரு தனிப் பருவம் என்று அவர் வாதிட்டார். அவர் சொன்ன பலவற்றைப் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை. எனினும், இப்பருவத்துக்குத் தனிக் கவனம் வேண்டும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

1918-இல் வெளிவந்த தேசியக் குழு ஒன்றின் அறிக்கையும் ஆறாண்டு தொடக்கக் கல்வி, அதற்குமேல் இளநிலை, மேல்நிலை என்று இரு பகுதியாக ஆறாண்டு இடைநிலைக் கல்வி என்ற அமைப்பைப் பரிந்துரைத்தது. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஜூனியர் ஹைஸ்கூல் நாடெங்கும் வேரூன்றியது.

ஒரே ஊர், இரண்டு கோடுகள்

வகுப்புகளைப் பிரிப்பது ஏதோ அலுவலகத்துக் காகித வேலை என்று எண்ணிவிடக் கூடாது. கான்சாஸ் மாநிலத்துத் தொபீகா நகரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கு வெள்ளையரின் பிள்ளைகள் ஆறாம் வகுப்பை முடித்ததும், ஏழாம் வகுப்புக்கு ஜூனியர் ஹைஸ்கூலுக்குப் போனார்கள். கறுப்பினப் பிள்ளைகளோ எட்டாம் வகுப்பு வரை தங்களுக்கென ஒதுக்கப்பட்ட தொடக்கப்பள்ளியிலேயே இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில்தான் ஜூனியர் பள்ளிக்கு வரலாம். ஒரே நகரம், ஒரே வாரியம், ஆனால் இரண்டு எல்லைக் கோடுகள்.

ஜூனியர் பள்ளியில் பாடத்துக்கொரு ஆசிரியரும் கூடுதலான வசதிகளும் இருந்தன. அவை ஏன் தங்கள் பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாது என்று ஒரு கறுப்பினக் குடும்பம் வழக்குத் தொடுத்தது. 1941-இல் கான்சாஸ் உச்சநீதிமன்றம் அக்குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஏழாம் வகுப்பிலேயே கறுப்பினப் பிள்ளைகளுக்கும் ஜூனியர் பள்ளியின் கதவு திறந்தது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. தொடக்கப்பள்ளிகளில் இரண்டு வகுப்புகள் குறைந்ததால், அங்குப் பணியாற்றிய கறுப்பின ஆசிரியர்கள் சிலர் வேலை இழந்தனர். பின்னர் அதே தொபீகா நகரிலிருந்து எழுந்த வழக்கில்தான், நிறத்தின் பெயரால் பள்ளிகளைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1954-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏழாம் வகுப்பு எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்பது, ஒரு பிள்ளைக்கு எத்தகைய ஆசிரியர் கிடைப்பார், எவ்வளவு கிடைக்கும் என்பதையே தீர்மானித்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சின்ன உருவில் பெரிய பள்ளி

ஜூனியர் ஹைஸ்கூல் நல்ல நோக்கத்தோடு பிறந்தாலும், காலப்போக்கில் உயர்நிலைப்பள்ளியின் சிறு நகலாகவே மாறிவிட்டது. மணி அடித்தால் வகுப்பறை மாற வேண்டும். ஐந்தாறு ஆசிரியர்கள் ஒரு நாளில் வந்து போவார்கள்; ஒவ்வோர் ஆசிரியரும் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்ப்பார். பிள்ளையின் முகம் வாடியிருப்பதைக் கவனிக்க ஒருவருக்கும் நேரமில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கல்லூரி நுழைவுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆகவே ஒன்பதாம் வகுப்பு ஜூனியர் பள்ளியின் கூரைக்குக் கீழே இருந்தாலும், அதன் மனம் உயர்நிலைப்பள்ளியிலேயே இருந்தது. அதற்காக எழுந்த கண்டிப்புகள் கீழே இருந்த ஏழாம், எட்டாம் வகுப்புகளையும் அழுத்தின.

இதற்கிடையில் பிள்ளைகளும் மாறிக்கொண்டிருந்தார்கள். நல்ல உணவும் உடல்நலமும் பெருகியதால், முன்னைய தலைமுறைகளைவிட இளம் வயதிலேயே பிள்ளைகள் பருவம் எய்துகிறார்கள் என்பதை ஆங்கிலேய மருத்துவ அறிஞர் டேனர் போன்றோரின் ஆய்வுகள் காட்டின. அப்படியானால் ஆறாம் வகுப்புப் பிள்ளையைச் சின்னஞ்சிறு குழந்தைகளோடு வைத்திருப்பதும், ஒன்பதாம் வகுப்பு மாணவனை ஏழாம் வகுப்புச் சிறுவனோடு வைத்திருப்பதும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது.

நடுநிலைப்பள்ளியின் காலம்

1963-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு மாநாட்டில் வில்லியம் அலெக்சாண்டர் என்ற கல்வியாளர் ஒரு புதிய கருத்தை முன்வைத்தார். ஜூனியர் ஹைஸ்கூல் என்ற பெயரிலேயே குறை இருக்கிறது. பெரிய பள்ளிக்குத் தம்பியாக இராமல், இப்பருவத்தின் தேவையை மட்டுமே மனத்தில் கொண்ட ஒரு நடுநிலைப்பள்ளி வேண்டும் என்று அவர் கூறினார். பென்சில்வேனியாவில் பள்ளி நிர்வாகியாக இருந்த டொனால்ட் ஐக்ஹார்ன் 1966-இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பில் தொடங்கி எட்டாம் வகுப்பில் முடியும் பள்ளிகள் பெருகின. ஒன்பதாம் வகுப்பு மறுபடியும் உயர்நிலைப்பள்ளிக்கே சென்றது.

நடுநிலைப்பள்ளியை நடத்துவதற்கென்று சில நல்ல வழிகளும் வகுக்கப்பட்டன. நான்கைந்து ஆசிரியர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, நூற்றுச் சொச்சம் பிள்ளைகளைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்வார்கள். அக்குழு வாரந்தோறும் கூடி, எந்தப் பிள்ளை பின்தங்குகிறது, எந்தப் பிள்ளை வரவில்லை என்று பேசும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வழிகாட்டியாக ஓர் ஆசிரியர் இருப்பார். 1989-இல் கார்னெகி நிறுவனத்தின் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கையும் இதையே வற்புறுத்தியது. பெரிய பள்ளியைச் சிறு சிறு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு மாணவரையும் நன்கு அறிந்த பெரியவர் ஒருவராவது பள்ளியில் இருக்கட்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரைகளுள் ஒன்று.

எண்ணிக்கையைப் பார்ப்போம். 1970-71-இல் நாட்டில் சுமார் 2,000 நடுநிலைப்பள்ளிகளும் 7,700-க்கும் மேற்பட்ட ஜூனியர் ஹைஸ்கூல்களும் இருந்தன. 2000-01-இல் நடுநிலைப்பள்ளிகள் சுமார் 11,700 ஆகப் பெருகின. ஜூனியர் ஹைஸ்கூல்கள் சுமார் 3,300 ஆகச் சுருங்கின. முப்பதே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று.

இத்தனை பள்ளி மாவட்டங்களும் பிள்ளைகளின் பருவத்தை ஆராய்ந்தா கோட்டை மாற்றின? அப்படிச் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை பெரிதும் கூடியதால் தொடக்கப்பள்ளிகளில் இடமில்லாமல் போயிற்று. ஆறாம் வகுப்பை மேலே நகர்த்தினால் கீழே இடம் கிடைக்கும். பின்னர் பிறப்பு குறைந்தபோது உயர்நிலைப்பள்ளிகளில் இடம் மிஞ்சியது; ஒன்பதாம் வகுப்பை அங்கு அனுப்பி அதை நிரப்பலாம். இனப் பிரிவினையை ஒழிக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம். தொடக்கப்பள்ளிகள் அந்தந்தக் குடியிருப்பைச் சார்ந்தவை; ஆகவே அங்கு ஓரினப் பிள்ளைகளே பெரும்பாலும் இருந்தார்கள். சற்று முன்கூட்டியே அவர்களைப் பெரிய பள்ளிக்கு அனுப்பினால் பல இனப் பிள்ளைகளும் கலந்து பயில்வார்கள். 1964-இல் நியூயார்க் நகருக்காக எழுதப்பட்ட ஓர் அறிக்கை, இந்த நோக்கத்துக்காகவே நான்காண்டு, நான்காண்டு, நான்காண்டு என்ற அமைப்பைப் பரிந்துரைத்தது. நடுநிலைப்பள்ளி என்ற தனி அமைப்பு உருவாவதில், ஆய்வுச் சான்றுகளைக் காட்டிலும் சமுதாய, மக்கள்தொகை நெருக்கடிகளே பெரும் பங்கு வகித்தன என்று 2004-இல் ராண்ட் ஆய்வு நிறுவனமும் எடுத்துக்காட்டியது.

மீண்டும் எட்டாம் வகுப்பு

ஆய்வாளர்கள் பிறகு வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். கோடு எங்கே இருக்கிறது என்பதைவிட, கோட்டைத் தாண்டும்போது பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்த்தார்கள். சிம்மன்ஸ், பிளைத் என்ற இருவர் மில்வாக்கி நகரில் நடத்தி 1987-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்பில் புதிய பள்ளிக்கு மாறிய சிறுமிகளின் தன்னம்பிக்கை, எட்டாம் வகுப்பு வரை அதே பள்ளியில் இருந்த சிறுமிகளைவிடக் குறைந்திருந்ததைக் கண்டார்கள். உடல் மாற்றம், பள்ளி மாற்றம், தோழியர் மாற்றம் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தால் சுமை அதிகமாகிறது. ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற உளவியலாளர், தன் விருப்பப்படி சிலவற்றைச் செய்ய ஏங்கும் வயதில் பிள்ளை மேலும் கண்டிப்பான வகுப்பறைக்கு வருகிறது. பெரியவரின் ஆதரவை நாடும் வயதில் முகம் தெரியாத ஆசிரியர்களிடம் வருகிறது என்று சுட்டிக்காட்டினார்.

அதன்பின் 2010-இல் நியூயார்க் நகரத்து மாணவர்களைப் பற்றியும், 2013-இல் புளோரிடா மாநில மாணவர்களைப் பற்றியும் வெளிவந்த ஆய்வுகள், நடுநிலைப்பள்ளிக்கு மாறும் ஆண்டில் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்கள் இறங்குவதைக் காட்டின. பள்ளி மாறாத பிள்ளைகளிடம் அந்த இறக்கம் காணப்படவில்லை. இதற்கு முன்பே பிலடெல்பியா, பால்டிமோர், கிளீவ்லாந்து போன்ற நகரங்கள் சில பள்ளிகளை மறுபடியும் எட்டாம் வகுப்பு வரையிலான ஒரே பள்ளியாக மாற்றத் தொடங்கியிருந்தன. நூறாண்டுகளுக்கு முன் வேண்டாமென்று தள்ளிய அமைப்பு திரும்பி வந்தது!

ஆனால் திரும்பி வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பிலடெல்பியாவில் பழைய எட்டாம் வகுப்புப் பள்ளிகள் நல்ல பெயர் எடுத்திருந்தன. புதிதாக மாற்றப்பட்ட பள்ளிகள் அந்த அளவுக்கு உயரவில்லை என்று 2007-இல் ஓர் ஆய்வு கூறியது. பழைய பள்ளிகளில் ஒரு வகுப்பில் பிள்ளைகள் குறைவு. அவர்களின் குடும்ப நிலையும் ஓரளவு மேலானது. பெயர்ப்பலகையை மாற்றியதால் மட்டும் அந்த நன்மைகள் வந்துவிடுமா?

நமக்கு இதில் என்ன பாடம்?

நேயர்களே, நம் நாட்டிலும் இந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1964 வரை ஆறாம் வகுப்பின் முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறாத பிள்ளைக்குப் பொதுவான இடைநிலைப்பள்ளியின் வாயில் அடைபட்டது. 1960-ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கை, பிள்ளைகள் பதினைந்து வயது வரை பள்ளியில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1965 முதல் நுழைவுத் தேர்வு இன்றியே பிள்ளைகள் படிவம் ஒன்றிலிருந்து படிவம் மூன்று வரை செல்ல வழி பிறந்தது. அடைப்பு ஆறாம் வகுப்பிலிருந்து மூன்றாம் படிவத்துக்குத் தள்ளிப்போயிற்று. எல்.சி.இ. என்றும், 1978 முதல் எஸ்.ஆர்.பி. என்றும் அங்கொரு தேர்வு நின்று பலரைத் திருப்பி அனுப்பியது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கோ மேலும் ஒரு படி இருந்தது. அதுதான் புகுமுக வகுப்பு. இடைநிலைப்பள்ளியின் போதனா மொழியில் தேர்ச்சி பெறுவதற்காக ஓராண்டு கூடுதலாகப் படிக்க வேண்டும். பின்னாளில், மலாய்மொழியில் தேவையான தேர்ச்சி பெற்றவர்கள் நேரே படிவம் ஒன்றுக்குச் செல்ல முடிந்தது. அந்த ஓராண்டை நல்ல ஆசிரியரிடம் கழித்த பிள்ளைகள் அதனால் பயனடைந்தார்கள். தன்னோடு விளையாடிய பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வகுப்பு முன்னே போய்விட்டதே என்று மனம் சோர்ந்து, அந்தப் படியிலேயே நின்றுவிட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஏர்ஸ் 1909-இல் கணக்கிட்ட அதே வெட்கம்தான் அது. ஊர் வேறு, மொழி வேறு, பிள்ளையின் மனம் ஒன்றே.

அமெரிக்கரின் நூறாண்டு அனுபவம் நமக்குச் சொல்வது என்ன? எட்டு-நான்கு, ஆறு-மூன்று-மூன்று, ஐந்து-மூன்று-நான்கு என்று எப்படிப் பிரித்தாலும், ஒரு கோடு இருக்கும் இடத்தில் ஒரு படி இருக்கிறது. படி இருக்கும் இடத்தில் கால் தடுக்கக்கூடும். கோட்டை எங்கே வரைவது என்பது நம் கையில் இல்லை. அதைப் பள்ளி வாரியங்களும் அமைச்சுகளும், சில நேரங்களில் கட்டடங்களின் எண்ணிக்கையுமே முடிவு செய்கின்றன. ஆனால் படியில் ஏறும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது நம்மால் முடியும். நடுநிலைப்பள்ளிகளில் பலன் தந்த வழிகளும் இதையே செய்தன: பிள்ளையை ஒருவராவது நன்கு அறிந்திருக்கும்படி பார்த்துக்கொண்டன.

பெற்றோர் செய்யக்கூடியவை எளியவையே. பள்ளி திறக்கும் முன்பே பிள்ளையை அழைத்துச் சென்று புதிய பள்ளியைக் காட்டுங்கள். பேருந்து எங்கே நிற்கும், சிற்றுண்டிச்சாலை எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். வகுப்பு ஆசிரியரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலாய் பேசத் தயக்கமாக இருந்தால், பேசத் தெரிந்த உறவினரையோ பக்கத்து வீட்டாரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். முதல் ஆண்டில் மதிப்பெண் சற்றே இறங்கினால், "உனக்குப் படிப்பு வராது" என்று சொல்லிவிடாதீர்கள். பள்ளி மாறிய ஆண்டில் அமெரிக்கப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் இறங்கியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிள்ளை அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று வீட்டில் நின்றால், அடிப்பதற்கு முன் கேளுங்கள். அங்கு அதற்கு நண்பர் இருக்கிறாரா, யாராவது கேலி செய்கிறார்களா என்று விசாரியுங்கள். தோட்டத்திலோ குடியிருப்பிலோ ஏற்கெனவே அப்பள்ளிக்குச் செல்லும் மூத்த மாணவர் இருந்தால், முதல் சில வாரங்கள் அவரோடு சேர்த்து அனுப்புங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆறாம் வகுப்பு முடிந்ததோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணாமல், உங்களிடம் படித்த பிள்ளைகள் அடுத்த ஆண்டு எப்படி இருக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரியுங்கள். உங்கள் ஒரு சொல்லுக்காகவே பள்ளிக்குத் தொடர்ந்து செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பன்னிரண்டு வயது என்பது பிள்ளை நம்மைவிட்டு விலகத் தொடங்கும் வயது. நம்மை மிகவும் நாடும் வயதும் அதுவே. அந்த வயதில் அதன் பள்ளி மாறட்டும், ஆசிரியர் மாறட்டும், வீட்டில் அதற்காகக் காத்திருக்கும் முகம் மட்டும் மாறாமல் இருக்கட்டும்.